ஃபார்மேட் போடும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

லேப்டாப் சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னார். மகிழ்ச்சி. திரை மாற்றுவது, கீபோர்டு மாற்றுவதெல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். விண்டோஸுக்குள் போகாமல் நிற்கும் லேப்டாப்பை ஒருவர் கொண்டுவந்து மேசையில் வைக்கும்போது நீ சொல்லப்போகும் முதல் வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். "ஃபார்மேட் போட்டுத் தர்றேன் சார், சாயங்காலம் வாங்க" என்பது பல கடைகளில் பழக்கமாகிவிட்டது. அந்த வார்த்தை உன் வாயில் வரக் கூடாது.

விண்டோஸ் எழாமல் போவது வேறு, கோப்புகள் அழிவது வேறு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பழுதான அப்டேட் ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுபோயின. விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகள் தடுமாறின. சேஃப் மோடில் நுழைந்து ஒரே ஒரு கோப்பை நீக்கியதும் அந்தக் கம்ப்யூட்டர்கள் எழுந்தன. எழாமல் கிடந்த நேரத்திலும் மக்களின் கோப்புகள் வைத்த இடத்திலேயேதான் இருந்தன.

ஹார்டு டிஸ்க் காலத்தில், அவசரப்பட்டு ஃபார்மேட் போட்டாலும் ஃபோட்டோரெக் போன்ற மென்பொருளைக் கொண்டு ஓரளவு மீட்க முடிந்தது. பெயர்கள் போய்விடும், படங்களாவது கிடைக்கும். இன்று பெரும்பாலான லேப்டாப்களில் இருப்பது எஸ்.எஸ்.டி. அதில் ஃபார்மேட் போட்டதும் 'ட்ரிம்' என்ற கட்டளை போய், பழைய தரவு இருந்த இடங்களை எஸ்.எஸ்.டி. தானாகவே துடைத்துவிடும். அதற்குப் பிறகு எந்த மென்பொருளை ஓட்டியும் பெரும்பாலும் பயனில்லை. அதனால்தான் முதலில் நகல், பிறகு பழுது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வழி எளிது. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் மென்பொருளால் உபுண்டு லினக்ஸை ஏற்றி எப்போதும் பையில் வைத்துக்கொள். முதலில் பயாஸுக்குள் போய் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பார். தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. டெல், லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப் 12, எச்.பி. என்றால் எஃப் 9 அழுத்தி பென் டிரைவிலிருந்து பூட் செய். நிறுவாமல் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை மட்டும் தேர்ந்தெடு. அப்போது உபுண்டு ராமிலேயே ஓடும், டிஸ்க்கில் எதையும் எழுதாது. விண்டோஸ் சரியாக மூடப்படாமல் இருந்தால் டிரைவ் பெரும்பாலும் படிக்க மட்டுமே திறக்கும். பரவாயில்லை, நமக்கு வேண்டியதும் படிப்பது மட்டும்தான். நகலை வேறொரு வெளி டிஸ்க்கில் எடு.

எதையெல்லாம் எடுப்பது என்பதில்தான் அனுபவம் பேசும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் யாரும் எடுப்பார்கள். கடைக்காரர் என்றால் டேலி கணக்கு மென்பொருளின் தரவு எங்கே என்று கேள். அது பெரும்பாலும் எண்களையே பெயராகக் கொண்ட ஃபோல்டர்களாக வேறிடத்தில் இருக்கும். அச்சகத்துக்காரர் என்றால் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மறக்காதே. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பேஜ்மேக்கர் கோப்பு பத்திரமாக இருந்தாலும், எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் வருவது ஆங்கில எழுத்துக் குப்பைதான். அவருடைய பல வருட உழைப்பு அந்தச் சின்ன ஃபோல்டரையும் நம்பி இருக்கிறது.

டிரைவ் பூட்டியிருப்பதாகக் காட்டினால் அது பிட்லாக்கர். புதிய லேப்டாப்களில் வாங்கியவருக்கே தெரியாமல் அது இயங்கிக்கொண்டிருக்கும். 48 இலக்க மீட்பு எண் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கக்கூடும். அவரையே தன் போனில் அந்தக் கணக்குக்குள் நுழைந்து பார்க்கச் சொல். அலுவலக லேப்டாப் என்றால் அவர்களுடைய ஐ.டி. ஆட்களிடம் கேட்க வேண்டும். எண் எங்குமே இல்லையென்றால் திறக்க வழியில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடு. வீண் நம்பிக்கை கொடுத்துப் பணம் வாங்காதே.

ஹார்டு டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் உடனே பவரை நிறுத்து. செக் டிஸ்க் ஓட்டாதே. சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது மேலும் வாட்டும், கோப்புகளையும் துண்டு துண்டாக்கிப் போடக்கூடும். மூடியைத் திறப்பது, ஃப்ரிட்ஜில் வைப்பது போன்ற வித்தைகளைக் கிட்டேயே சேர்க்காதே. தூசியும் ஈரமும் மிச்சத்தையும் கெடுத்துவிடும். அந்த வேலை தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்புக்கூடத்துக்கு உரியது. செலவு அதிகம் என்பதைச் சொல், முடிவை உரியவரிடம் விடு. சத்தமில்லாமல் படிக்க மட்டும் திணறும் டிஸ்க் என்றால் டிடி ரெஸ்க்யூ என்ற மென்பொருள் உதவும். நல்ல பகுதிகளை முதலில் படித்து எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் அது திரும்பும்.

இன்னொன்று. நகல் சரியா என்று பார்க்கச் சில கோப்புகளைத் திறக்கத்தான் வேண்டும். உரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் காட்டுவதை மட்டும் திற. படங்கள் இருக்கும் ஃபோல்டரை, முக்கியமாகப் பெண்கள் கொண்டுவரும் லேப்டாப்பில், தனியாக உட்கார்ந்து புரட்டாதே. நகல் கைமாறி, அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு உன்னிடம் மிச்சமிருப்பதை அழித்துவிடு.

முதலாளியிடம் பேசி, பொருளை வாங்கும்போது தரும் ரசீதில் "தரவு எடுக்க வேண்டுமா?" என்று ஒரு வரி அச்சடிக்கச் சொல். அதில் வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட பிறகே ஸ்க்ரூ டிரைவரை எடு.

அன்புடன்,
சித்தப்பா