ரேடியேட்டர் வாங்குவதற்கு முன்

ஆகஸ்ட் மாதத்து மூன்றாம் சனிக்கிழமை, டெட்ராய்ட்டை ஒட்டிய வுட்வர்டு அவென்யூவில் பழைய கார்கள் அணிவகுக்கும். 1995-இல் தொடங்கிய வழக்கம் இது. ஜிடிஓ, செவெல், மஸ்டாங், சார்ஜர் என்று அறுபதுகளின் மஸில் கார்கள் கோடை வெயிலில் ஊர்ந்து போகும். பானெட்டைத் தூக்கிவிட்டு ஓரமாக நிற்கும் வண்டிகளையும் அங்கே பார்க்கலாம். அவற்றில் சிலவற்றில் புத்தம்புது அலுமினிய ரேடியேட்டர் பளபளக்கும். செலவு செய்த பிறகும் கொதிக்கிறதே என்று கலங்கி நிற்கும் தம்பிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. வண்டி எப்போது சூடேறுகிறது என்பதை முதலில் கண்டுபிடி. சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்று போதவில்லை என்று பொருள். ஃபேன், அதைச் சுற்றி நிற்கும் கூடான ஷ்ரவுட், பெல்ட் ஆகியவற்றைப் பார். ஊருக்குள் ஒழுங்காக இருந்துவிட்டு நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் ஏறினால், தண்ணீர் ஓட்டத்திலோ ரேடியேட்டரிலோ அடைப்பு இருக்கும். அந்த வேகத்தில் காற்று தானாகவே வந்து மோதும், ஃபேனுக்கு அங்கே வேலையில்லை. இரண்டு நிலையிலும் ஏறினால் இக்னிஷன் டைமிங்கையும் சேர்த்துச் சோதி. தீப்பொறி தாமதமாக விழுந்தால், சக்கரத்துக்குப் போகவேண்டிய வெப்பம் தண்ணீருக்குள் போகும். வேக்குவம் அட்வான்ஸ் குழாயை யாரோ பிடுங்கி அடைத்துவிட்ட வண்டிகள் நிற்கும்போதே சூடேறும். இந்தச் சோதனைகளை முடிக்காமல் ஒரு சாமானும் வாங்காதே.

2. முள் சொல்வதை அப்படியே நம்பாதே. ஐம்பது வருஷத்துக்கு மேலான சென்டரும் கேஜும் பொய் சொல்லும். இன்ஃப்ராரெட் வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் மூடியருகே பிடித்து ஒப்பிட்டுப் பார். 210 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தாலே பலர் பதறுகிறார்கள். பாதிக்குப் பாதி கூலன்ட்டும் தண்ணீரும் கலந்து, 15 பவுண்டு அழுத்தம் தாங்கும் கேப் போட்டிருந்தால் ஏறத்தாழ 265 டிகிரி வரை அது கொதிக்காது. ஒவ்வொரு பவுண்டு அழுத்தமும் கொதிநிலையைச் சுமார் 3 டிகிரி உயர்த்தும். ஆகவே ரப்பர் விறைத்துப்போன கேப்பை முதலில் மாற்று. ஆனால் கம்பெனி சொன்ன அழுத்தத்தைத் தாண்டாதே, பழைய ஹீட்டர் கோர் வெடித்துக் கொதிநீர் உன் கால்மேல் கொட்டும்.

3. எஞ்சினைக் கழுவு. ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து வடித்தால் மட்டும் போதாது. பிளாக்கின் இரு பக்கமும் வடிகால் திருகுகள் உண்டு, அவற்றையும் கழற்று. பல வண்டிகளில் திருகைக் கழற்றினாலும் ஒரு சொட்டுகூட வராது. கம்பியை உள்ளே விட்டுக் குத்தினால் முதலில் துருத்தூள் உதிரும், பிறகு செங்காவி நிறத்தில் சேறு கொழகொழவென்று இறங்கும், கடைசியில்தான் தண்ணீர் பீறிடும். அந்தச் சேறு பெரும்பாலும் பின்பக்கத்துச் சிலிண்டர்களைச் சுற்றித்தான் படியும். தெளிந்த நீர் வரும்வரை கழுவிக்கொண்டே இரு. இதைச் செய்யாமல் புது ரேடியேட்டர் மாட்டினால், அத்தனை சேறும் அதன் நுண்குழாய்களில் போய் அடைக்கும். வடித்த கூலன்ட்டைத் தரையில் விடாதே. அது இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும்.

4. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதே. எஞ்சின் எந்தச் சூட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. 180 டிகிரித் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு 160 டிகிரி போட்டால் கொதிப்பது சற்றுத் தள்ளிப்போகும், நிற்காது. ஃபோர்டின் 351 கிளீவ்லேண்ட் எஞ்சின் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்கவேண்டும். அதற்கென்றே தனி வடிவத் தெர்மோஸ்டாட் உண்டு. ஃபோர்டின் விண்ட்சர் எஞ்சினுடையது அதில் பொருந்திவிடும், ஆனால் பைபாஸ் வழி மூடாது. சூடான நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

5. ஷ்ரவுட் இல்லாத வண்டியில் வேறெதற்கும் செலவழிக்காதே. என் அனுபவத்தில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது இதுதான். ரேடியேட்டரையும் ஃபேனையும் சுற்றி நிற்கும் இந்தக் கூடு இல்லாவிட்டால், ஃபேன் தன் பக்கவாட்டிலிருக்கும் சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும். ரேடியேட்டரின் நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். எஞ்சின் வேலை பார்த்தவர்கள் எத்தனையோ பேர் இதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஃபேன் இதழின் அகலத்தில் பாதி கூட்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கவேண்டும். இதழின் நுனிக்கும் கூட்டுக்கும் நடுவே ஓர் அங்குலம் போதும். கூட்டின் விளிம்பு ரேடியேட்டரோடு ஒட்டி உட்காரட்டும், சந்து இருந்தால் ரப்பர் பட்டை ஒட்டு.

6. மின்சார ஃபேன் தவறில்லை, கணக்குப் பார்த்துப் போடு. நல்ல இரட்டை ஃபேன் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அக்காலத்து ஆல்டர்னேட்டர்கள் பலவும் 37 ஆம்பியரே தரும், வண்டி நிற்கும்போது அதுவும் குறையும். ஆகவே ஆல்டர்னேட்டரையும் மாற்று. தனி ரிலேயும் ஃபியூஸும் கட்டாயம். பழைய இக்னிஷன் சுவிட்ச் வழியாக அவ்வளவு மின்சாரத்தைக் கொண்டுபோனால் ஒயர் உருகும். ஆல்டர்னேட்டர் மாற்ற மனமில்லையென்றால், வெப்பமறிந்து சுழலும் கிளட்ச் ஃபேனே போதும்.

7. கீழ் ஹோஸ் உறிஞ்சும் பக்கம். மெலிந்த ரப்பர் அதிக வேகத்தில் சப்பிக்கொள்ளும், உள்ளே சுருள்கம்பி இருந்தால் அந்தப் பயமில்லை. ஒற்றைச் சர்ப்பென்டைன் பெல்ட்டுக்கு மாறினால் பம்ப் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் எதிர்த்திசைப் பம்ப் வாங்கு.

8. இத்தனையும் முடித்து, அப்புறமும் நெடுஞ்சாலையில் சூடேறினால் ரேடியேட்டரை மாற்று. வெப்பம் கடத்துவதில் செம்புதான் அலுமினியத்தைவிட மேல். ஆனால் அலுமினியத்தில் ஓர் அங்குல அகலக் குழாய்கள் அமைக்க முடிகிறது, ஆகவே இரண்டு வரிசையே போதுமானதாகிறது. நான்கு வரிசை வைத்துத் தடித்த ரேடியேட்டருக்குள் காற்று நுழையத் திணறும். ரப்பர் மெத்தைமேல் உட்காரவை, இறுக்கி முடுக்கினால் பாடி முறுகும்போது வெல்டு விரியும். மாட்டியதும் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையைக் கூலன்ட்டிலும் வை. விளக்கு, ஹீட்டர் எல்லாம் ஓடும்போதும் ஸ்டார்ட்டர் சுழலும்போதும் 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எர்த் ஒயர்களைச் சரிசெய், இல்லாவிட்டால் அலுமினியத்தில் ஓட்டை விழும்.

9. கழற்றிய பழைய ரேடியேட்டர் உன்னுடையது என்று நினைக்காதே, அது வண்டியுடையது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு லாக்போர்ட்டின் ஹாரிசன் ஆலை செய்தவற்றில் சிறு அடையாளத் தகடு இருக்கும். பின்னாளில் அந்தக் காரைப் பழையபடி மீட்க நினைப்பவர் அதைத் தேடி அலைவார். செம்பு விலைக்கு ஆசைப்பட்டு எடைக்குப் போட்டுவிடாதே. துடைத்து, துணி சுற்றி, பரணில் வை.