இறுதி வருடத்துப் பிள்ளைக்கு

பிள்ளை, சுன்னாகம் பக்கத்துக் கிணற்றுநீரில் நைத்திரேற்று எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் இறுதி வருட ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். சராசரி 3.70ஐத் தொட்டால் முதல் வகுப்பு என்ற கணக்கும் இப்போதே போட்டு வைத்திருக்கிறாயாம். ஆசைப்படு, அதில் ஒரு பிழையும் இல்லை. புவியியல் ஆய்வேடுகளை நெடுங்காலம் வாசித்துத் திருத்தியவள், உன் பெரியம்மா என்ற இரண்டு உரிமையிலும் சில சொல்கிறேன். முதல் வகுப்பு எடுத்த ஏடுகளையும் தவறவிட்ட ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் நான். கெட்டித்தனத்தில் அவற்றுக்கிடையே பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. கண்டதைக் கண்டபடி எழுதும் துணிவில்தான் இருந்தது.

1. அகலக் கால் வைக்காதே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும் ஓடுவது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மழைநீரே எங்கள் எல்லாருக்கும் உயிர். அதற்காகக் குடாநாடு முழுவதையும் நீ அளக்க வேண்டியதில்லை. வலிகாமம் ஒரு கதை, தென்மராட்சி ஒரு கதை, வடமராட்சியும் தீவகமும் வேறு கதைகள். வலிகாமத்துக்குள்ளேயே இரண்டு கிராம அலுவலர் பிரிவுகளைத் தெரிந்தெடு. ஒன்று வெங்காயமும் புகையிலையும் செய்யும் தோட்டப் பக்கம், மற்றது வீடுகள் நெருங்கிய பக்கம். உரத்தால் வருகிறதா, மலசலகூடக் குழியால் வருகிறதா என்ற கேள்வியை அந்த ஒப்பீடே உனக்குத் திறந்து கொடுக்கும்.

2. முதல் தடவை வெறுங்கையோடு போ. என்னிடம் படித்த ஒரு பிள்ளை வினாக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படலையடியில் நின்றே கேள்வி கேட்டாள். கமக்காரர் ஐயா எல்லாவற்றுக்கும் மளமளவென்று பதில் சொன்னார். கொப்பியில் பதிந்துகொண்டு வந்த யூரியா அளவுகளைப் பார்த்தால், விவசாயத் திணைக்களத்தின் சிபாரிசை அப்படியே ஒப்புவித்தது மாதிரி இருந்தது. “திரும்பப் போ, ஒன்றும் கேளாதே” என்று அனுப்பினேன். வெங்காயம் நடுகிற நாளில் போய் வரம்பில் இருந்து, அவர்கள் கொடுத்த தேநீரைக் குடித்து, பேசுவதைக் கேட்டுக்கொண்டு வந்தாள். உண்மை அளவு அன்றைக்குத்தான் வந்தது. சனம் பொய் சொல்வதில்லை, பிள்ளை. அறியாத ஆளுக்குப் பாதுகாப்பான பதிலைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

3. அன்றைய குறிப்பை அன்றே எழுது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி. தண்ணீர் மாதிரி எடுக்கும் போத்தலை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று தரம் அலசி, பிறகு நிரப்பு. லேபலில் பென்சிலால் எழுது. பேனா மை ஐஸ் பெட்டிக்குள் கரைந்து, எந்தப் போத்தல் எந்தக் கிணறு என்று தெரியாமல் கண் கலங்கி நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். நேரம், நீர்மட்டம், கட்டுக்கிணறா குழாய்க்கிணறா, மலசலகூடக் குழி எத்தனை மீற்றர் தூரம் என்பதையெல்லாம் பதிந்துகொள். தூரத்தை நாடா பிடித்து அள. கண்மதிப்பில் எழுதிய எண் பரீட்சகர் முன்னால் நிற்காது.

4. எண்ணுக்கு முன்னால் அலகைப் பார். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆய்வுகூடம் சில வேளை நைத்திரேற்று என்று தராமல், அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டுத் தரும். அந்த எண்ணை 4.43 ஆல் பெருக்கினால்தான் நைத்திரேற்று வரும். ஒரு ஆய்வேட்டில் 12 என்று வந்த கிணற்றை 50உடன் ஒப்பிட்டு, ‘மிகப் பாதுகாப்பானது’ என்று எழுதியிருந்தது. பெருக்கிப் பார்த்தால் 53. கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்ல முடியாமல் உடல் நீலம் பாரிக்கும் ஆபத்தை வைத்துத்தான் அந்த 50 என்ற எல்லையே வந்தது. பிழைத்தது ஒரு பெருக்கல்தான். ஆனால் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தாயை நினைத்துப் பார். ஆய்வுகூடத்தாரிடம் வெட்கப்படாமல் கேள். ஒவ்வொரு அட்டவணையின் தலைப்பிலும் அலகை எழுது.

5. பிடிக்காத எண்ணை அழிக்காதே. எல்லாக் கிணறும் ஒரு வரிசையில் வர, ஒன்று மட்டும் துள்ளிக்கொண்டு நிற்கும். அதை வெட்டிவிட்டால் வரைபடம் அழகாகிவிடும் என்று கை துறுதுறுக்கும். என் மாணவன் ஒருவன் அப்படி ஒரு கிணற்றை விட்டுவிடாமல் திரும்பப் போய்ப் பார்த்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டில், எருக்குவியல். மழைத்தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு கிணற்றுப் பக்கம் இறங்குகிற சரிவு. அவன் ஏட்டில் மிகச் சிறந்த அத்தியாயம் அதுதான். திரும்பப் போய்ப் பார்த்தும் காரணம் தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே எழுதிவிடு. மதிப்பெண் குறையாது.

6. ஒரு பருவத்துத் தண்ணீரை வருடத்துத் தண்ணீர் என்று சொல்லாதே. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கிணறு ஒரு மாதிரி, ஆவணிக் கோடையில் வேறு மாதிரி. இரண்டு தடவை எடுக்க முடிந்தால் எடு. முடியாவிட்டால் எந்த மாதம் எடுத்தாய் என்பதை முன்னுரையிலேயே சொல்.

7. மேற்பார்வையாளரிடம் யோசனையோடு மட்டும் போகாதே, எழுதிய பக்கங்களோடு போ. அவருக்கும் விரிவுரை, கூட்டம், வீடு எல்லாம் இருக்கிறது. சிவப்பு மையைக் கண்டு முகம் வாடாதே. அக்கறை இல்லாதவர் ஒரு சரி போட்டுத் திருப்பித் தந்திருப்பார். அவர் சொன்னது உனக்குச் சரியாகப் படாவிட்டால், மரியாதையோடு உன் தரவை எடுத்துக் காட்டு. நல்ல ஆசிரியர் அதற்காகக் காத்திருப்பவர்.

8. எடுத்த இடத்தைச் சொல். முன்னைய வருடத்து ஆய்வேடுகளைத் தேடி வாசி, உசாத்துணையில் போடு. ஆனால் அவற்றின் பந்திகள் உன் ஏட்டுக்குள் ஆள்மாறி நடமாடக் கூடாது. 1981இல் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. அந்த இழப்பைக் கண்ட தலைமுறை நாங்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் எத்தனையோ பேர் சம்பளமில்லாமல் பக்கம் பக்கமாக ஏற்றித் தந்ததைத்தான் நீ இன்று இரவில் படுக்கையில் கிடந்தபடி வாசிக்கிறாய். யாரோ பாதுகாத்துக் கொடுத்த எழுத்தை உன்னுடையது என்று எழுத மனம் வரக்கூடாது.

9. வைவாவில் நிதானமாக இரு. தெரியாத கேள்விக்கு “அதை நான் பார்க்கவில்லை, சேர்” என்று சொல். சுற்றி வளைக்கத் தொடங்கினால் அடுத்த கேள்வி அங்கேயேதான் வரும். உன் ஏட்டில் பலவீனமான இடம் எது என்று உனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் கேட்கும் முன் நீயே சொன்னால் இன்னும் நல்லது.

10. கட்டிய ஏட்டைத் துறையில் ஒப்படைத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதே. கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்து அல்லல்பட்ட சுன்னாகத்துச் சனம் அது, போத்தலோடு வருகிற எல்லாரிடமும் “எங்கட கிணறு எப்படிப் பிள்ளை?” என்று கேட்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் கிணற்றின் அளவை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடு. 50ஐத் தாண்டிய வீட்டில் கைக்குழந்தை இருந்தால், தாயைக் கூப்பிட்டு ஒன்றைத் தெளிவாகச் சொல்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது செறியத்தான் செய்யும். பால்மா கரைக்க வேறு கிணற்றுத் தண்ணீர் எடுக்கச் சொல். உன்னுடைய பட்டியலில் குறைந்த அளவு வந்த கிணறு அந்த ஒழுங்கையில் எது என்பதையும் அவளுக்குக் காட்டிவிட்டு வா.