படிப்போடு ஒரு தொழில்



“படிக்கிற பெண்ணுக்கு வியாபாரம் எதற்கு?” என்று கேட்போர் இன்றும் உளர். படிப்பு கெட்டுவிடுமே என்பது பெற்றோரின் அச்சம். கையில் பணம் இல்லையே என்பது நம்முடைய தயக்கம். இவ்விரண்டும் எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஓர் ஊரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

ஒரு குருவும் ஒரு பள்ளியும்

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பாஸ்க் மக்கள் வாழும் மலைப்பகுதியில் மோந்திரகோன் என்னும் சிற்றூர் உள்ளது. 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போர் அந்நாட்டை வறுமையில் ஆழ்த்தியிருந்தது. 1941இல் ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியெட்டா என்ற இளங்குரு அவ்வூர்ப் பங்கிற்குப் பணியாற்ற வந்தார். சிறு வயதிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர் அவர். ஏழைப் பிள்ளைகள் தொழில் கற்க வழியின்றி இருப்பதைக் கண்டு மனம் வருந்தி, 1943இல் ஊராரின் உதவியோடு ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்த மாணவர்கள் ஏறத்தாழ 20 பேரே.

அப்பள்ளியில் பயின்ற ஐவர், ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பையும் முடித்தனர். பின்னர் 1956இல், தங்கள் பெயர்களின் எழுத்துகளைக் கோத்து ‘உல்கோர்’ என்று பெயரிட்டு, அடுப்பு செய்யும் தொழிலைத் தொடங்கினர். அவர்களிடம் பெரும் பணம் இல்லை. ஊர் மக்கள்தாம் கடன் கொடுத்தனர். எதை நம்பிக் கொடுத்தனர்? அவ்விளைஞர்களின் கைத்திறனையும் நாணயத்தையும் நம்பியே கொடுத்தனர். தொழிலுக்கு முதல் முதலீடு திறமை, இரண்டாவது நம்பிக்கை. பணம் அவ்விரண்டின் பின்னால் வருகிறது.

பாதி நாள் பாடம், பாதி நாள் வேலை

நமக்கு இன்னும் நெருக்கமானது 1966இல் அங்கே தோன்றிய ‘அலேகோப்’ என்னும் மாணவர் கூட்டுறவு. அதில் சேர்ந்த மாணவர்கள் நாளின் ஒரு பாதியில் வகுப்பில் பாடம் கற்றனர். மறு பாதியில் தொழிற்கூடத்தில் உழைத்தனர். அந்த ஊதியத்தைக் கொண்டு படிப்புச் செலவைத் தாங்களே ஏற்றனர். நிர்வாகத்திலும் அவர்களுக்குப் பங்கு இருந்தது. பாடத்தில் கற்றதை மறுவேளையே கையால் செய்து பார்த்தனர். தொழில் படிப்பைக் கெடுக்கவில்லை. அதற்குத் துணை நின்றது. நேரத்தை வரையறுத்து, வகுப்பு வேளையைத் தொழில் விழுங்காதபடி காத்ததே அதற்குக் காரணம்.

பெண்களும் பின்தங்கி நிற்கவில்லை. 1969இல் அவ்வூர்ப் பெண்கள் ‘ஆவுசோ லாகுன்’ என்ற கூட்டுறவை அமைத்து, உணவு சமைத்து வழங்குதல், துப்புரவு ஆகிய பணிகளை ஏற்று நடத்தினர். வீட்டில் ஊதியமின்றிச் செய்த வேலைக்கு வெளியில் மதிப்புண்டு என்பதை உலகிற்கு உணர்த்தினர்.

கணக்கே கண்

ஆயினும் எல்லாம் வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது. உல்கோரின் வழியில் வளர்ந்த ‘ஃபாகோர்’ வீட்டுச் சாதன நிறுவனம் 2013இல் நொடித்துப்போனது. கடன் சுமை ஏறியிருந்த வேளையில் விற்பனை சரிந்ததே அதற்குக் காரணம். பெரிய ஆலைக்கு நேர்ந்தது நம் சிறு முயற்சிக்கும் நேரலாம். ஆகவே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

தோழியர் சிலர் 20 துணிப்பைகள் தைப்பதாகக் கொள்வோம். ஒரு பைக்குத் துணி 18 ரூபாய். நூலும் நாடாவும் 4 ரூபாய். தையல் இயந்திர வாடகை 3 ரூபாய். ஆக 25 ரூபாய். அதை 40 ரூபாய்க்கு விற்றால் பைக்கு 15 ரூபாய் லாபம் என்று மகிழ்வோம். ஆனால் நம் உழைப்பிற்குக் கூலி போட்டோமா? பைக்கு 10 ரூபாய் கூலி என்று வைத்தால் அடக்கவிலை 35 ரூபாய். 20 பைகளுக்கு மொத்தச் செலவு 700 ரூபாய். நான்கு பைகள் விற்காமல் தங்கிவிட்டால் வரவு 640 ரூபாய்தான். லாபம் என்று நினைத்தது 60 ரூபாய் நட்டமாயிற்று!

இதிலிருந்து நாம் அறிவது என்ன? எவ்வளவு விற்கும் என்று கேட்டறிந்த பின்பே சரக்கு செய்ய வேண்டும். வரவையும் செலவையும் அன்றன்றே எழுத வேண்டும். வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் கலக்கக் கூடாது. அன்னையின் நகையை அடகு வைத்துத் தொழில் தொடங்குவது வேண்டவே வேண்டாம். இழந்தாலும் குடும்பம் தாங்கக்கூடிய சிறு தொகையே மாணவியருக்கு ஏற்றது.

சட்டமும் அறிவோம்

நம் நாட்டில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி பெற்றவர் அல்லர். எனவே கடன், வாடகை போன்றவற்றைப் பெற்றோர் வழியாகவே செய்தல் முறை. உணவுப் பண்டம் விற்க விரும்பினால், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு தேவை. “எங்களுக்குத் தெரியாது” என்பது சட்டத்தின் முன் செல்லாது.

தாலந்து உவமையை நாம் அனைவரும் அறிவோம். தலைவன் தந்ததைப் பெருக்கிய ஊழியர் பாராட்டுப் பெற்றனர். மண்ணில் புதைத்தவன் கண்டிக்கப்பட்டான். தையல், ஓவியம், சமையல், சிறுவர்க்குப் பாடம் சொல்லித்தருதல் என நம் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒரு திறமை உண்டு. வரும் கோடை விடுமுறையில் இரண்டு மூன்று தோழியர் ஒன்றுசேர்ந்து, பெற்றோரின் அனுமதியோடு, ஒரே ஒரு பொருளை நேர்த்தியாகச் செய்து பார்ப்போம். முதலில் ஒரு நோட்டு வாங்குவோம். அதில் முதல் செலவாக அந்த நோட்டின் விலையையே எழுதுவோம்!