பிரித்துப் போட்ட ஹெரால்டு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

புது வண்டி வாங்கினால் பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் திருவனந்தபுரத்தில் பலர் சாவியைத் திருகுவார்கள். பழைய வண்டியை மறுபடி எழுப்ப நினைப்பவர்களும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். கும்பிட்ட கையோடு பக்கத்திலேயே சாலைக் கடைத்தெருவுக்குப் போய் எமரி தாள், கம்பி பிரஷ், பெயின்ட் ரிமூவர் என்று வாங்கிக்கொண்டு வேலையில் இறங்கிவிடுகிறார்கள். தப்பு நடப்பது அங்கேதான். எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று தீர்மானிக்காமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது.

தென்னிந்தியாவில் இரண்டு கதவுக் கார் மேல் ஆசைப்படுபவர்கள் கடைசியில் வந்து நிற்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு முன்னால். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கேலோட்டி வரைந்த டிரையம்ஃப் ஹெரால்டு, 1959இல் இங்கிலாந்தில் வந்தது. 1961 முதல் அதைச் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்தது. இங்கிலாந்தில் கூப்பே வடிவமும் உண்டு. நமக்குக் கிடைத்தது இரண்டு கதவு சலூன். 1960களின் கடைசியில் மார்க் 3 வந்தபோது கதவு நாலாகிவிட்டது. அதனால் இரண்டு கதவு ஹெரால்டு என்றாலே இன்று மவுசு. ஷெட்டில் பிரித்துப் பெட்டி பெட்டியாகக் கிடக்கும் ஒன்று விலைக்கு வந்தால் கூடவே சில நம்பிக்கைகளும் வந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: ஏற்கெனவே பிரித்திருப்பதால் பாதி வேலை மிச்சம்.

உண்மை: வேலை கூடுகிறது. நீங்களே பிரித்த வண்டியில் எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பது உங்கள் கைக்குத் தெரியும். இன்னொருவர் பிரித்ததில் அந்த நினைவு அவரோடு போய்விட்டது. ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் படம், துணிப்பை, சீட்டு. 'இருக்கிறது', 'இருக்கிறது ஆனால் உதவாது', 'இல்லை' என்று மூன்று பட்டியல். மூன்றாவது பட்டியல்தான் விலை பேசும்போது பேச வேண்டியது. கண்ணாடியைச் சுற்றிய பீடிங், கதவுக் கைப்பிடி, டேஷ்போர்டு மீட்டர், பம்பர் போன்ற சின்னச் சாமான்களே பின்னால் தேடித் தேடி அலைய வைக்கும். இஞ்சினைத் தேடிப் பிடிப்பது அதைவிடச் சுலபம்.

நம்பிக்கை 2: பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி சட்டப்படி இரும்புக் கடைக்குத்தான், பேப்பர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

உண்மை: 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் என்ற தடை டெல்லி வட்டாரத்துக்கானது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் தனியார் காரின் பதிவு 15 ஆண்டில் முடிகிறது. சோதனையில் தேறினால் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். பழைய வண்டிக்குக் கட்டணமும் பசுமை வரியும் கூடுதல், அவ்வளவுதான்.

ஆனால் பேப்பர் இல்லாத ஹெரால்டு வெறும் உதிரிச் சாமான். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் எண், இஞ்சின் எண் இரண்டையும் இரும்பில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துரு மூடியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து தெளிவாக எழும். கிரைண்டரை அதன் அருகில் கொண்டுபோகாதீர்கள். கேஎல்டி என்று தொடங்கும் பழைய திருவனந்தபுரம் எண்ணானாலும் தமிழ்நாட்டுப் பழைய எம்எஸ் வரிசையானாலும், அந்தப் பதிவு ஆர்.டி.ஓ. ஏட்டில் உயிரோடு இருக்கிறதா, கணினியில் ஏறியிருக்கிறதா என்று காசு கொடுப்பதற்கு முன்னே விசாரியுங்கள். வேற்று மாநில வண்டிக்கு அங்கிருந்து தடையில்லாச் சான்றும் வேண்டும். வண்டி ஓடும் நிலைக்கு வந்த பிறகுதான் சோதனைக்குக் கொண்டுபோக முடியும். அதுவரை செய்யும் செலவு முழுக்க இந்தக் காகிதத்தை நம்பித்தான்.

நம்பிக்கை 3: முதலில் இஞ்சினை முடி, அதுதான் வண்டியின் உயிர்.

உண்மை: முதலில் முடித்த இஞ்சின், பாடி வேலை முடியும் வரை மூலையில் கிடக்கும். நம் ஊர் ஈரக் காற்றில் சிலிண்டர் சுவரில் துரு பூக்கும். லேத் பட்டறைக்காரர் சொன்ன பொறுப்புக் காலமும் கடந்துவிடும். இஞ்சினைத் திறந்து அளந்து என்ன வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தடவி மூடி வையுங்கள். வேலையைப் பாடி பெயின்டுக்குப் போகும்போது கொடுங்கள். அப்போது இரண்டு காரியங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஈயத்தை நம்பி உருவான பழைய இரும்பு ஹெட்டுக்குக் கடினமான எக்ஸாஸ்ட் வால்வ் சீட் போடுவது நல்லது. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயஃப்ரத்தையும் அரிக்கும். அவற்றை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள்.

நம்பிக்கை 4: டிங்கரிங், பெயின்ட், பிறகு பூட்டல், இதுதான் வரிசை.

உண்மை: பெயின்டுக்கு முன் ஒருமுறை முழுசாகப் பூட்டிப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

ஹெரால்டு தனிச் சேசிஸ் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு உட்காரும் பாடி. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பாடி செய்துகொடுத்த பெரிய நிறுவனம் போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டதால், சின்னச் சின்ன இடங்களில் செய்து சேர்க்கும்படி இப்படி வடிவமைத்தார்கள். முன் பல்க்ஹெட் ஒரு துண்டு. பின் டப் ஒரு துண்டு. மூக்கோடு சேர்ந்து முன்னால் கவிழும் பானட் ஒரு துண்டு. சேசிஸில் பக்கவாட்டில் நீளும் அவுட்ரிகர்கள்தான் முதலில் துருப்பிடித்து ஓட்டையாகும். அவை அரை விரல் இறங்கினாலும் கதவு இடைவெளி சீராக இருக்காது.

ஆகவே சேசிஸை நேர்பார்த்து, துருப்பிடித்ததை வெட்டி வெல்டு செய்த பிறகு பல்க்ஹெட்டையும் டப்பையும் வைத்துக் கதவு, பானட், டிக்கி மூடி எல்லாவற்றையும் பூட்டுங்கள். கதவை மூடி, அதன் விளிம்பு நெடுகிலும் ஒரே கனமுள்ள தகட்டைச் செருகி இழுத்துப் பாருங்கள். சிக்கும் இடத்திலும் தொளதொளவென்று ஆடும் இடத்திலும் பாடி மவுண்டுக்கு அடியில் வாஷர் வைத்தோ எடுத்தோ சரிசெய்யலாம். எந்த மவுண்டில் எத்தனை வாஷர் என்று எழுதி வையுங்கள். இடைவெளி சரியானபின்தான் பிரிக்கவும், பெயின்டுக்கு அனுப்பவும் வேண்டும். இதைச் செய்யாமல் பெயின்ட் அடித்தால், பளபளக்கும் கதவைக் கடைசியில் சுத்தியலால் தட்ட வேண்டி வரும்.

நம்பிக்கை 5: மணல் அடித்தால் துரு ஒரே நாளில் போய்விடும்.

உண்மை: சேசிஸுக்கு மணல் அடிக்கலாம். பானட், கதவு, கூரை போன்ற மெல்லிய அகலத் தகட்டில் அடித்தால் தகடு நெளியும். நெளிந்ததைப் பட்டி போட்டு மறைப்பார்கள். தகடுகளுக்கு ரசாயனம் பூசி உரிப்பதே ஏற்றது. அடுத்தது காலம். தென்மேற்கு மழை ஜூனில் தொடங்கினால் வடகிழக்கு மழை நவம்பர் வரை இழுக்கும், கூடவே கடற்காற்று. உரித்த தகடு ஒரே இரவில் செம்பழுப்பாகும். ஆகவே தகர வேலையை டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையே வையுங்கள். உரித்த அன்றே எபாக்சி பிரைமர் ஏறட்டும். பட்டி ஈரத்தை உறிஞ்சும். வெறும் தகரத்தில் பட்டி போட விடாதீர்கள்.

நம்பிக்கை 6: இதற்கு இங்கே ஆளும் கிடையாது, சாமானும் கிடையாது.

உண்மை: 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்து ஓடத் தொடங்கியபோது, இங்கிலாந்திலிருந்து வந்தது பெர்கின்ஸ் டீசல் இஞ்சின் பொருத்திய காமெட் சேசிஸ்தான். அதன் மேல் பாடி கட்டியவர்கள், லண்டனிலிருந்து வந்த சால்ட்டர் என்பவரின் மேற்பார்வையில் வேலை பார்த்த இந்த ஊர்த் தொழிலாளர்கள். பஸ் பாடி கட்டும் கைகள் இன்றும் இங்கே உண்டு. ஹெரால்டின் தட்டையான தரைத் தகடும் அவுட்ரிகரும் அவர்களுக்குப் பெரிய காரியமில்லை. ஒரிஜினல் சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இதே குடும்பம் என்பதால் சஸ்பென்ஷன், பிரேக் சாமான்கள் பல இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

ஒன்றில் கவனம்: இந்த வண்டியின் மரை அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டில் 13 மி.மீ. ஸ்பேனரைப் போட்டால் மூலை மழுங்கும். அங்குல ஸ்பேனர் ஒரு செட் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நம்பிக்கை 7: முன் சஸ்பென்ஷனுக்கு கிரீஸ் அடித்தால் போதும்.

உண்மை: ஹெரால்டில் உயிருக்கு உலை வைக்கும் நம்பிக்கை இதுதான். முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து எஃகுத் தண்டின் அடிமுனை, டிரன்னியன் என்ற பித்தளைத் துண்டுக்குள் மரையாகத் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழல்கிறது. அதற்குத் தயாரிப்பாளர் சொன்னது கிரீஸ் இல்லை. இபி 90 கியர் ஆயில். கிரீஸ் இறுகி வழியை அடைத்துவிட்டால் மேல் மரைக்கு எண்ணெய் போகாது. உள்ளே இறங்கும் மழைநீர் எஃகை அரிக்கும், ஒரு நாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். கழற்றிக் கழுவி, மரையின் அடிப்பள்ளத்தை பூதக்கண்ணாடியில் பாருங்கள். குழியோ கோடோ தெரிந்தால் இரண்டு பக்கமும் புதிது போடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

நம்பிக்கை 8: மாருதி இஞ்சினோ டீசலோ ஏற்றினால் தொல்லை தீரும்.

உண்மை: தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்திலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று, கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது. விண்டேஜ் பதிவு கேட்டாலும் கதை அதேதான். 2021 ஜூலை விதிகளின்படி முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, இஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்கும் வண்டிக்கே அது கிடைக்கும். ஆகவே வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

நம்பிக்கை 9: முடித்ததும் விண்டேஜ் பதிவு வாங்கிப் போர்த்தி வைத்தால் வண்டி நீடிக்கும்.

உண்மை: விண்டேஜ் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், காலம் 10 ஆண்டு. அந்தப் பதிவில் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. ஓடாத வண்டியில் பிரேக் சிலிண்டர் இறுகும், சீல் காயும், பெட்ரோல் பிசினாகும். இதே திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, சிஏஎன் 42 என்ற எண்ணுள்ள 1950களின் மெர்சிடிஸ் பென்ஸைப் பல பத்தாண்டுகள் ஓட்டியே காப்பாற்றினார்.

ஹெரால்டு சாலையில் ஓடுவதற்காகச் செய்த வண்டி. வண்டலூர்த் தொழிலாளர்களின் கைவேலைக்கு நாம் செய்யும் மரியாதை, அதை ஓட்டுவதுதான். எனவே முதல் நாளே முடிவு செய்யுங்கள்: ஓட்டப் போகிறீர்களா, காட்சிக்கு வைக்கப் போகிறீர்களா? ஓட்டுவதென்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கத் திட்டமிடுங்கள். பிரேக், சஸ்பென்ஷன், வயரிங்குக்குப் பணத்தை முதலில் ஒதுக்குங்கள். மிச்சத்தில் பெயின்டும் சீட் துணியும் பாருங்கள். காகிதம், கணக்கெடுப்பு, சேசிஸ், பூட்டிப் பார்ப்பது, பெயின்டும் கூடவே இஞ்சினும், கடைசிப் பூட்டல் என்ற வரிசையை ஷெட் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொடாதவர்களின் ஹெரால்டுதான் பழவங்காடிக்குத் தன் சக்கரத்தில் வந்து சேரும்.