சிலிண்டர் சீக்கிரம் தீராமல் இருக்க...

சிலிண்டர் வந்ததும் எடை போட்டு வாங்குங்கள். கழுத்துப் பகுதியில் காலி சிலிண்டரின் எடை எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ சேர்ந்தால் கணக்கு சரி. தராசு கேட்கக் கூச்சம் எதற்கு? காசு நம்முடையது.

துவரம்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்தால் விசில் குறையும். கொண்டைக்கடலை, ராஜ்மாவை ராத்திரியே ஊறப்போடுங்கள். முதல் விசில் வந்ததும் அடுப்பை சிம்மில் வையுங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு தீயைக் கூட்டினால் சூடு ஏறாது, ஆவிதான் அதிகம் போகும். இதை எத்தனை முறை சொன்னாலும் முழுத் தீயில் வைத்துவிட்டு சீரியல் பார்க்கப் போகிறவர்கள் உண்டு!

சுடர் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரி பிடிக்கிறதா? பர்னர் துளைகளில் பொங்கி வழிந்த பால் காய்ந்து அடைத்திருக்கலாம். அடுப்பு ஆறியபின் கழற்றி, பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவி, ஈரம் போகக் காயவிட்டு மாட்டுங்கள். அப்போதும் நீலச் சுடர் வரவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சிலிண்டரோடு மளிகைச் செலவையும் குறைக்கலாம். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வேக நேரமாகிறது என்று அந்தப் பருப்பை ஒதுக்காதீர்கள். கூடுதலாக ஊறவைத்தால் போதும். அப்பளம் பொரிக்கப் பாமாயில், தாளிக்க மட்டும் நல்லெண்ணெய் என்று பிரித்துக்கொள்ளலாம்.

காய்கறிக்கு, பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் அங்கே போங்கள். விலைப்பலகையைப் பார்த்தபின் சமையலை முடிவு செய்யுங்கள். தக்காளி எகிறியிருந்தால் அந்த வாரம் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு.

சந்தைக்குப் போகும் வண்டியையும் கவனியுங்கள். டயரில் காற்று குறைந்தால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். பெட்ரோல் போடும்போதே காற்றையும் பார்த்துவிடுங்கள்.