கரிசல் நிலத்து வீடும் கடன் வட்டியும்

வாடகைக்கு விடும் பொருட்டுக் கடன் பெற்று வீடு வாங்கவோ கட்டவோ எண்ணும் அங்கத்தினர் முதலில் ஆராயத்தக்கது நிலத்தின் தன்மையேயாம். கரிசல் மண் மழையில் நீருண்டு உப்பும். கோடையில் வறண்டு வெடிக்கும். ஆழமில்லாத அஸ்திவாரம் இதனால் ஆண்டுதோறும் அசைய, ஜன்னல் மூலைகளினின்று சுவரில் சாய்வான வெடிப்புகள் கிளம்பும். பூச்சில் மட்டும் காணும் மயிரிழை வெடிப்பு வேறு. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. பழைய வீட்டை விலை பேசுவோர் இவ்விரண்டையும் பிரித்தறிதல் அவசியம். வெள்ளையடிப்பு பெரும்பாலும் விற்பனைக்குச் சற்று முன்னரே நடைபெறுகிறதென்பதையும் மறத்தலாகாது.

புதிதாய்க் கட்டுவோர்க்கு, ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த முறையொன்றுண்டு. மண் அசையாத ஆழம் வரை துளையிட்டு, அடிப்பாகத்தைக் குமிழ்போல் அகலமாக்கி, கம்பியிட்டுக் கான்கிரீட் நிரப்புவர். ஆழ்ந்த கரிசலில் இத்துளை 3.5 மீட்டருக்குக் குறைதல் கூடாது.

இச்செலவை மதிப்பீட்டில் சேர்க்காது கடன் மனுச் செய்பவருக்குக் கூரை வேயுமுன்னரே பணம் தீர்ந்துவிடும். தவணைதோறும் தரப்படும் கடனுக்குப் பெற்ற தொகையளவிலேயே வட்டி கணக்கிடப்படுவது வழக்கம். ஆயினும் ரூ. 4,00,000 பெற்ற நிலையில் வேலை 8 மாதம் நின்றுவிட்டால், ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வீதம், வாடகை ஒரு காசுமின்றி ரூ. 24,000 வட்டியாகும்.

வட்டிக்கு அஞ்சி அவசரப்படுதலும் பிழையே. சாதாரண ஸிமெண்டுக் கான்கிரீட்டை 7 நாளேனும் ஈரங்காயாது காத்தல் வேண்டும். மேற்படி கடனுக்கு அந்த 7 நாள் வட்டி ஏறக்குறைய ரூ. 690.