டயாலிஸிஸ் சிகிச்சையும் ரமளான் நோன்பும்

ரமளான் நெருங்கும்போது நம்மிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: “வாப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிஸிஸ் நடக்கிறது. நோன்பு மாதத்தில் மட்டும் சில முறையைத் தள்ளிவைத்துவிட்டு நோன்பு பிடிக்கிறேன் என்கிறார்கள். கூடுமா?”

கூடாது. ஏன் கூடாது என்பதை விளங்க, முதலில் அந்தச் சிகிச்சை என்ன செய்கிறது என்பதை வீட்டார் அறிந்திருக்க வேண்டும். மஸ்அலா அதற்குப் பிறகுதான்.

அல்லாஹ் நமக்களித்த இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, உடலுக்கு வேண்டியதைத் திருப்பிக் கொடுத்து, எஞ்சிய ஒன்றரை லிட்டரளவு கழிவையே சிறுநீராக வெளியேற்றுகின்றன. சர்க்கரை வியாதியாலோ இரத்தக் கொதிப்பாலோ அவை ஆண்டுக்கணக்கில் நலிந்து ஓய்ந்துவிட்டால், யூரியா போன்ற கழிவும், மிகுதியான நீரும், பொட்டாசியம் என்னும் உப்பும் இரத்தத்திலேயே தங்கிவிடும். கால் வீங்கும், மூச்சு திணறும், உணவைக் கண்டால் குமட்டும். பொட்டாசியம் அளவு மீறினால் முன்னறிவிப்பின்றி இதயம் நின்றுவிடவும் கூடும்.

டயாலிஸிஸில் நோயாளியின் இரத்தம் ஒரு குழாய் வழியே வெளியே வந்து, முடியைப் போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் அடங்கிய வடிகட்டிக்குள் செல்கிறது. குழல்களுக்கு வெளியே, அளவாக உப்புகள் கலந்த நீர் எதிர்த்திசையில் ஓடுகிறது. கழிவுகள் குழலின் சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே அந்நீருக்குள் கசிந்துவிடும். இரத்த அணுக்கள் பெரியவையாதலால் வெளியேற மாட்டா. தேங்கிய நீரையும் இயந்திரம் இழுத்துக்கொள்ள, சுத்தமான இரத்தம் உடலுக்குத் திரும்புகிறது.

ஹாலந்து நாட்டு வைத்தியர் கோல்ஃப் 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவே, கிடைத்த பொருள்களைக் கொண்டு இத்தகைய இயந்திரத்தை அமைத்தார். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றோர் ஏறத்தாழ அனைவரும் இறந்தனர். 1945இல் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்தார். ஆனால் அது திடீரெனப் பழுதாகிப் பின் தானே தேறிய சிறுநீரகம். நிரந்தரமாகப் பழுதானவருக்கு மீண்டும் மீண்டும் இச்சிகிச்சை அளிக்கும் வழி, 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்கிரிப்னர் என்பவர் கையில் நிலையான குழாய் பொருத்திய பிறகே திறந்தது. இன்று கையின் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா என்னும் முறை 1966இல் வெளிவந்தது. அந்தக் கையில் பாரம் தூக்குவதோ, இரத்த அழுத்தம் பார்ப்பதோ ஆகாது.

இங்கேதான் கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நலமுள்ள சிறுநீரகம் அத்தனை நேரமும் உழைக்கிறது. இயந்திரமோ, முறைக்கு நான்கு மணி வீதம், வாரத்தில் 12 மணி நேரமே உழைக்கிறது. அது நோயைக் குணமாக்குவதில்லை. நின்றுபோன வேலையில் ஒரு பங்கைத்தான் செய்துதருகிறது. வழக்கமான முறைகளிடையே வரும் இரண்டு நாள் நீண்ட இடைவெளியிலேயே இதய மரணங்கள் அதிகம் என்று மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். அவ்வாறிருக்க, நாமாகவே ஒரு முறையை விட்டால் என்ன ஆகும்? “இவ்வளவு நாள் செய்தும் குணமாகவில்லையே” என்று நிறுத்திவிடுவோரும் இந்தக் கணக்கை அறியாதவர்களே.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்கப்பட்டால் நோன்பு முறியுமா என்பதில் இக்கால உலமாக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. சுத்தமான இரத்தத்துடன் உப்பு, சர்க்கரை போன்றவையும் உடலில் சேர்வதால் முறியும் என்பது சவூதி அரேபியாவின் ஃபத்வாக் குழுவினரின் தீர்ப்பு. இயற்கையான துவாரம் வழியே உள்ளே செல்வதுதான் நோன்பை முறிக்கும், நரம்பு ஊசி வழியே செல்வது முறிக்காது என்போரும் உளர். வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் செலுத்தும் வகையில், சர்க்கரை கலந்த நீர் வயிற்று அறைக்குள் செல்வதால் நோன்பு முறியும் என்பதே வலுவான சொல்.

ஆனால் நோயாளிக்கு இந்த விவாதம் அத்தனை அவசியமில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்குச் சலுகையளித்துவிட்டன. சிகிச்சை நாளில் நோன்பை விடுவதில் தயக்கம் வேண்டாம். மற்ற நாள்களில் பிடிக்கலாமா என்பதை நம்பகமான வைத்தியர் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று அவர் சொன்னால் நோன்பை விடுவது சலுகையல்ல, கடமை. குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் களாச் செய்யத் தேவையில்லை. நோன்புக்கு ஒன்றாக ஃபித்யா கொடுப்பார். ஷாஃபிஈ மத்ஹபில் அது ஒரு முத்து தானியம். பிற்காலத்தில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி நோன்புக்கு வலிமை வந்துவிட்டால், ஹனஃபி மத்ஹபில் விட்டவற்றைக் களாச் செய்ய வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் கொடுத்த ஃபித்யாவே போதும்.

ஒளூவிலும் வேறுபாடு உண்டு. ஓடும் அளவுக்கு இரத்தம் வெளிவந்தால் ஹனஃபியினருக்கு ஒளூ முறியும், ஷாஃபிஈயினருக்கு முறியாது. எனவே, கூடுமானால் தொழுகை நேரம் தவறாதபடி சிகிச்சை வேளையைக் கேட்டுப் பெறுங்கள். கழுத்தில் குழாய் இருப்பவர் குளிப்பு கடமையானால் அவ்விடத்தில் தண்ணீர் பட விடக் கூடாது. மற்ற உறுப்புகளைக் கழுவி, கட்டின் மேல் ஈரக் கையால் மஸ்ஹு செய்வார். ஷாஃபிஈயாக இருந்தால் தயம்முமும் சேர்த்துச் செய்வார்.

நோன்பு பிடிக்காவிட்டாலும் இஃப்தார் ஸுப்ராவில் நோயாளியும் உட்காருவார். பேரீச்சம்பழம், வாழைப்பழம், இளநீர் மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். அன்பின் மிகுதியால் அவர் கையில் திணிக்காதீர்கள். நோன்புக் கஞ்சியும் நீர்க் கணக்கில் சேரும். உம்ரா முடித்து வந்தவர் தரும் ஸம்ஸமும் அப்படியே. பரக்கத்துக்கு ஒரு மிடறு போதும். நாளொன்றுக்கு எவ்வளவு நீர் என்பதை மருத்துவமனையில் கேட்டு, காலையிலேயே ஒரு பாத்திரத்தில் அளந்து வைத்துவிட்டால் வீட்டுப் பெண்களுக்கும் கவலை குறையும்.